கொற்றக்குடை

தலைநகருக்குச் சாலை கிடையாது.
வரைபடத்தை எந்தப் பக்கம் திருப்பினாலும்
மலை, பனியாறு, கடல்.
அலாஸ்காவில் சட்டம் இயற்றப் புறப்படுகிறவர்
முதலில் என்னிடம் வந்து
தன் எடையைச் சொல்ல வேண்டும்.

ஆறு இருக்கை விமானம்.
தபால், நாய், வெங்காய மூட்டை, சவப்பெட்டி
எல்லாவற்றுக்கும் ஒரே தராசு.
பதினான்கு வருஷமாக வாசிலி ஆன்வில்
நூற்றெண்பது பவுண்டு என்றே சொல்லிவந்தார்.
நான் இருநூற்றுப் பத்து என்று எழுதிக்கொள்வேன்.

அவர் மன்றத்துக்குப் போன வழி தெரியும் எனக்கு.
ஆறு கரையுடைத்த வருஷம்
பள்ளிக்கூடக் கொதிகலன் அணையாமல்
மூன்று ராத்திரி கண்விழித்தார்.
அந்தச் சூட்டில் சுருண்டு கிடந்த பிள்ளைகள்
வளர்ந்து வாக்காளர்கள் ஆனார்கள்.
ஏழு தேர்தலுக்கு அந்தச் சூடு தாங்கியது.

ஒலிங்கா ஜிம்மி டீசல் கிடங்கில் கணக்கு எழுதுகிறவள்.
யார் வீட்டில் எத்தனை கேலன்,
யாருக்கு எத்தனை மாதக் கடன்,
பிப்ரவரியில் எந்த இரண்டு குடும்பங்கள்
ஒரே அடுப்பைச் சுற்றித் தூங்குகின்றன,
அத்தனையும் மனப்பாடம்.
ஒருநாள் ரேடியோவில் அவர்
எரிபொருள் விலையை ஆராயக் குழு அமைப்பதாகப்
பேசிக்கொண்டிருந்தபோது குறுக்கே வந்தாள்:
"வாசிலி, உன் தங்கை வீட்டுத் தொட்டியில்
பதினொரு கேலன்தான் இருக்கு."

பதினாறு ஊரும் கேட்டது.
அதற்குமேல் அவள் பிரசாரம் என்று எதையும்
செய்ததாக எனக்கு நினைவில்லை.

சுவரொட்டி ஒட்டினால் காற்று கிழித்துக்கொண்டு போய்விடும்.
ஆறு ஓடும்போது படகு,
உறைந்தபின் ஸ்னோ மிஷின்,
நடுவே தண்ணீரா பனிக்கட்டியா என்று
ஆறே முடிவு செய்யாத மூன்று வாரம்
நான்.
ஒருமுறை இருவரையும் சேர்த்தே ஏற்றினேன்.
முன்னால் அவர், பின்னால் அவள்.
எஞ்சின் சத்தத்தில் கொள்கை எடுபடாது.
அவள் காய்ந்த சால்மன் துண்டு நீட்டினாள்.
அவர் திரும்பாமலே
கையை மட்டும் பின்னால் நீட்டி வாங்கிக்கொண்டார்.

எண்ணூற்றுப் பதினொன்று.
எண்ணூற்றுப் பதினொன்று.
மறுபடி எண்ணியும் அதேதான்.
ஒரு சீட்டில் யாரோ இரண்டு வட்டத்தையும் நிரப்பி
ஓரத்தில் எழுதியிருந்தார்களாம்:
"ரெண்டு பேரும் எனக்குச் சொந்தம்."
செல்லாது என்று ஒதுக்கிவிட்டார்கள்.

டிசம்பரில், பெயரைக் குலுக்கி எடுக்க
இருவரையும் தலைநகருக்கு அழைத்தார்கள்.
பெத்தல் வரை கொண்டுபோய் விட்டேன்.
அங்கிருந்து பெரிய விமானம்.
மூன்றாம் நாள் திரும்பினார்கள், சேர்ந்தே.

முகத்தைப் பார்த்தேன்.
மைனஸ் முப்பதில்
வென்ற முகமும் தோற்ற முகமும்
புருவம் வெளுத்து ஒன்றாகத்தான் இருக்கும்.
கேட்கக் கூச்சமாக இருந்தது. எடையைக் கேட்டேன்.
"நூற்று நாற்பத்தொன்று" என்றாள்,
போகும்போது சொன்ன அதே எண்.
அவர் விமானத்தின் சக்கரத்தைக்
கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு
"இருநூற்றுப் பத்து" என்றார்.

ஊரில் இறங்கியதும் பையைத் துழாவி
ஒரு குடையை எடுத்தார்.
கறுப்புத் துணி. முறிந்த கம்பி ஒன்றை
மீன்வலை நூலால் கட்டியிருந்தது.
எங்கள் பக்கத்தில் குடை வைத்திருப்பவர் யாருமில்லை.
இங்கே பனி மேலிருந்து விழுவதில்லை,
பக்கவாட்டில் வந்து அறையும்.

"அங்கே மழை" என்றார்.
"கூட்டத்தொடர் முழுக்க மழை.
முதல் நாள் சொட்டச் சொட்ட நனைந்துபோய்
உறுதிமொழி எடுத்தேன்.
எனக்கு யாரும் சொல்லலை."

அவள் அதை விரித்துப் பார்க்கவில்லை.
துப்பாக்கியைப் போல் அக்குளில் இடுக்கிக்கொண்டு
மரப்பலகைப் பாதையில் ஏறிப் போனாள்.

அவர் போகவில்லை.
நான் தபால் மூட்டைகளை இறக்குவதைப் பார்த்தவர்
கையுறையை இறுக்கிக்கொண்டு
கனமானதாய்ப் பார்த்து ஒன்றைத் தூக்கினார்.
பதினான்கு வருஷத்தில் முதல் தடவை.
முதுகு இன்னும் வலுவாகத்தான் இருக்கிறது.