ஒரு சென்டில் பத்தில் ஒன்பது

நீளக் கம்பின் நுனியில் ஓர் உறிஞ்சுகுவளை.
அதில் ஒட்டி
மூன்றை இறக்கி நான்கை ஏற்றினேன்,
காலை ஐந்தரை மணி நெப்ராஸ்காக் காற்றில்.
இரண்டு முறை விழுந்தது நான்கு.
மூன்றாம் முறை நின்றது.

கடைசியில் இருக்கும் சின்ன ஒன்பதை
யாரும் மாற்றுவதில்லை.
ஒரு சென்டில் பத்தில் ஒன்பது.
பலகையோடு சேர்த்துப் பெயின்ட் அடித்தது.
முழுசாகச் சொல்ல வாய் வராத அந்த மீதி
விலை ஏறினாலும் இறங்கினாலும்
அங்கேயே.

கேலனுக்கு எனக்கு நிற்பது ஏழு சென்ட்.
காபியில்தான் பிழைப்பு.
இருந்தும், காசு கொடுக்கிற ஒவ்வொருவரும்
எண்ணெய்க் கிணறு என் கொல்லையில் இருப்பதுபோல்
ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போகிறார்கள்.

மாலை ஏழுக்கு மாவட்டக் கட்சிக் கூட்டம்,
லூத்தரன் தேவாலயத்து நிலவறையில்.
பதினொரு பேர். ஒரு தட்டு எலுமிச்சை கேக்.
நான் பொருளாளர்:
கையிருப்பு இருநூற்றுப் பன்னிரண்டு டாலர்.

தலைமையகம் அனுப்பிய பையன், ப்ரெஸ்டன்,
மடிக்கணினியைத் திறந்தான்.
"இந்த விலை நமக்குக் கிடைத்த வரம்."
வரம் என்று குறிப்பேட்டில் எழுதிக்கொண்டேன்.
"நோரீன், உங்கள் பலகைக்குக் கீழே
வேட்பாளரை நிறுத்திப் படமெடுப்போம்.
விரல் மேலே சுட்டட்டும். முகத்தில் கோபம் வேண்டும்,
ரொம்ப வேண்டாம்."

கம்பெனிகளைத் திட்டலாம் என்றார் ஸ்வோபடா.
ஆளுகிறவர்களைத் திட்டலாம் என்றார் அவர் தம்பி.
கோடை முடியும்வரை பெட்ரோல் வரியை
நிறுத்தச் சொல்லலாம் என்றது ஒரு குரல்.
"நிறுத்து. அப்புறம் பாலத்தை
உன் அப்பனா கட்டுவான்?"
என்றார் டெல்பர்ட், கேக்கை மென்றபடி.

நான் தகரப் பெட்டியைத் திறந்தேன்.
அடியில் ஓர் அச்சக ரசீது,
மூன்று வருடத்துப் பழசு.
அப்போது நாங்கள் ஆளுங்கட்சி, அப்போதும் விலை நான்கு.
'உலகச் சந்தையை யாராலும் கட்டுப்படுத்த முடியாது':
ஆயிரம் துண்டறிக்கை, எண்பத்தாறு டாலர்.
கையெழுத்து என்னுடையது.
சத்தமாகப் படித்தேன்.
காபி இயந்திரம் மட்டும் கொஞ்ச நேரம்
கொரகொரத்துக்கொண்டிருந்தது.

ஐலீன் த்வோராசெக் எழுந்தாள்.
படுக்கையில் கிடப்பவர்களை வீடுவீடாய்ப் போய்க்
கழுவித் துடைக்கும் வேலை.
தினமும் என்னிடம் ஏழு டாலருக்குப் போடுவாள்,
ஆறு தொண்ணூறுக்கு மேல்
கைப்பிடியைத் துளித்துளியாய் அழுத்துவாள்.
"பாலம் வெள்ளத்தில் போனதிலிருந்து
போக பதினெட்டு மைல் சுற்று, வர பதினெட்டு.
வியாழக்கிழமைக் கிழவரை விட்டுவிட்டேன்.
கட்டுப்படியாகவில்லை.
அவரிடம் இன்னும் சொல்லவில்லை."
உட்கார்ந்தாள்.

விலையைக் குறைக்க எங்களுக்குத் தெரியாது.
பதினெட்டைக் குறைக்கத் தெரியும்.
அதைச் சொல்லிவிடுவோம் என்றேன்,
முதல் பாதியையும் சேர்த்து.
"தெரியாது என்ற சொல்லோடு
எந்தக் கட்சியும் ஜெயித்ததில்லை" என்றான் ப்ரெஸ்டன்.
அவன் சொன்னது சரியாகவும் இருக்கலாம்.
ஆறுக்கு நான்கு. டெல்பர்ட் கை தூக்கவில்லை,
எந்தப் பக்கத்துக்கும்.

காலையில் இன்னும் இரண்டு சென்ட் ஏறியிருந்தது.
தீர்மானம் காதுக்கு எட்டவில்லையோ என்னவோ,
இஸ்திரி போட்ட சட்டையில் வந்து நின்றார் வேட்பாளர்.
கம்பை அவர் கையில் கொடுத்தேன்:
"ஒன்பதைக் கழற்றுங்கள், ஒன்றைப் போடுங்கள்.
காற்றைப் பார்த்துக்கொள்ளுங்கள்."

தலையை அண்ணாந்து,
வாய் கொஞ்சம் திறந்து,
நெற்றியில் வியர்வையோடு
ஆடும் எண்ணின் கீழேயே நின்றார்.
கோபிக்க நேரமில்லை அவருக்கு.
அதைத்தான் படமெடுத்தேன்.

எங்கும் அச்சாகவில்லை.
பாலத்துக்குக் கோரிக்கைத் தாள்
கல்லாப் பக்கத்தில் இருக்கிறது.
நாற்பத்தோரு கையெழுத்து,
ஒரு காபிக் கறை.