மணி என்ன, தம்பி?

எங்கள் வீட்டுச் சுவர்க் கடிகாரம்
அவர்கள் கொடுத்ததுதான்.
முதல் கடனைத் தவறாமல் கட்டி முடித்த
ஐந்து பேருக்கும் ஆளுக்கொன்று.
நட்டநடுவே கம்பெனிப் பெயர், சிரிக்கும் குடும்பம்.
அந்த அம்மாவின் மூக்கின்மேல்
பெரிய முள் மணிக்கொரு தரம் ஏறி இறங்கும்.

இரண்டாம் கடன் மாட்டுக்கு.
மாடு வந்தது. நாலு மாதம் கறந்தது.
மடிநோயில் ஒரு காம்பு அடைத்தது, பிறகு இன்னொன்று.
ராயக்கோட்டை மண்டியில்
தக்காளி பெட்டி எண்பதுக்கு இறங்கிய நேரம்.
பறிகூலிக்கே கட்டாதென்று
செடியோடு விட்டுவிட்டார்கள்.
பறிக்காத தக்காளிக்கு யார் கூலி தருவார்?

முதல் வாரம் என் பங்கைத் திம்மக்கா கட்டினாள்.
அடுத்த வாரம் பர்வீன்,
மகனின் பள்ளிச் சுற்றுலாவுக்கு எடுத்து வைத்ததிலிருந்து.
மூன்றாம் வாரம்
ஒருத்தியும் என் முகத்தைப் பார்க்கவில்லை.

அதற்கப்புறம்தான் கோகுல்நாத் வீட்டுக்கே வந்தான்.
விடியலில், வாசல் தெளிக்கும்போது.
இருட்டியபின், உலை கொதிக்கும்போது.
வண்டியை அணைக்க மாட்டான்.
ஹாரன் அடித்துத் தெருவைக் கூப்பிடுவான்:
"அடுப்பெரிய மட்டும் காசு இருக்குதா?"
பொம்மசந்திராவில் சென்ட்ரிங் வேலையில் இருக்கும்
என் வீட்டுக்காரரின் மேஸ்திரிக்குப் போன் போட்டான்.
அந்த மேஸ்திரி நம்பர்
அவனுக்கு எப்படிக் கிடைத்தது?

ஒருநாள் நாலு பேரையும் கூட்டிவந்து
என் வீட்டுக்குள் உட்கார வைத்தான்.
"இவங்க கட்டற வரைக்கும் ஒருத்தரும் எழுந்திருக்கக் கூடாது."
மங்கம்மா பச்சை உடம்புக்காரி.
மூன்றாவது வீட்டில் குழந்தை கத்துவது
எங்கள் எல்லோருக்கும் கேட்டது.
அவள் ரவிக்கை நனைந்து ஊறியது.
முந்தானையை இழுத்து மூடிக்கொண்டு
அவள் திட்டியது என்னை.
அவனை அல்ல.

கரண்ட் போன ஓர் இரவில்
செல்போன் வெளிச்சத்தில்
கடன் அட்டையைத் திருப்பினேன்.
எறும்புச் சாரை மாதிரி எழுத்து.
எட்டாவது படித்தவள் நான், மெல்லக் கூட்டிப் படித்தேன்.
காலை ஒன்பதுக்கு முன் கூடாது.
மாலை ஆறுக்குப் பின் கூடாது.
கெட்ட வார்த்தை கூடாது.
சொந்தபந்தம், கூட வேலை செய்பவர்
யாரையும் தொந்தரவு செய்யக் கூடாது.
புகாருக்கு இந்த எண்.

அடேயப்பா, எத்தனை கூடாது!
அத்தனையும் அவர்களுக்கு.
இத்தனை நாளும்
கூடாது என்ற சொல்லையே
எனக்காகச் செய்தார்கள் என்றிருந்தேன்.

மறுநாள் அந்த எண்ணைக் கூப்பிட்டேன்.
பாட்டு ஓடியது. ஒன்றை அழுத்து, நான்கை அழுத்து.
கடைசியில் ஒரு பெண்குரல் பேர் கேட்டது.
சாலம்மா என்றேன். இன்ஷியல் கேட்டது.
அழுகை வந்துவிட்டது, ஏனென்று தெரியவில்லை.
அவள் சொன்ன பதினோரு இலக்கத்தை
கடிகாரத்துக்குக் கீழே கரியால் எழுதினேன்.

அன்றைக்கும் வந்தான்.
ஹாரன் அடித்தான்.
வெளியே வந்து கேட்டேன்:
"மணி என்ன, தம்பி?"
"என்னா?"
"மணி. எங்க ஊட்டுல உங்க கடிகாரம் எட்டேகால் காட்டுது.
உன்னுது எவ்வளவு காட்டுது?"

பதினோரு இலக்கத்தையும் சத்தமாகப் படித்தேன்,
அவன் கூப்பிட்ட தெருவுக்கே கேட்கும்படி.
திம்மக்கா கதவைத் திறந்தாள்.
ஒரு படி இறங்கி அங்கேயே நின்றாள்.

முதல் தடவையாக வண்டியை அணைத்தான்.
"டார்கெட்டுக்கா. இந்த வண்டிக்கே ரெண்டு டியூ நிக்குது."
அவன் குரல் அவ்வளவு சின்னது என்று
அதுவரை தெரியாது.
"உனக்கும் ஓர் அட்டை குடுத்திருப்பாங்க," என்றேன்.
"பின்பக்கம் படி."

கடன் கடன்தான்.
இல்லையென்று சொல்லவில்லை.
திங்கட்கிழமை பத்து மணிக்கு
ரேஷன் கடைப் பக்கத்தில் கூட்டம்.
முந்நூறோடு போய் நிற்பேன், பாக்கிக்குத் தவணை கேட்பேன்.

மிச்சமிருக்கும் இரண்டு காம்பில் கறந்ததை
மங்கம்மா வாசலில் வைத்துவிட்டு வந்தேன்.
சாயங்காலம் சொம்பு திரும்பி வந்தது.
கழுவியிருந்தது.
கொண்டு வந்தவன் அவள் மூத்த பையன்.
அம்மா எதுவும் சொல்லச் சொல்லவில்லை என்றான்.