திரும்ப அழைக்கும் எண்

அழைப்பு பதினோரு விநாடி.
பதிவேட்டில் அவ்வளவுதான்:
உள்ளெண் நாற்பத்து நாலு பதினேழு,
இரவு இரண்டு மணி ஆறு நிமிடம்.
இல்மாரி கோஸ்கி சுவர்ப் போனை எடுத்திருக்கிறார்,
"அம்மோனியா" என்றிருக்கிறார்,
"நெங் உள்ளே" என்றிருக்கிறார்,
பிறகு இருமல்.
பிறகு தொங்கும் ரிசீவர் சுவரில் இடிக்கும் சத்தம்.

மீன் உறையும் அந்தக் கிடங்கு துலூத்தில்,
ஏரியிலிருந்து கல்லெறி தூரம்.
தலைமை அலுவலகம் ஃபார்கோவில்,
மேற்கே இருநூற்றைம்பது மைல்.
பேச்செல்லாம் ஃபார்கோ வழியாகப் போனால்
மாதம் முந்நூறு டாலர் மிச்சம் என்று
கணக்குப் போட்டுக் கொடுத்தவன் நான்.
பாராட்டி ஒரு காபிக் குவளை தந்தார்கள்.
இன்னும் அதில்தான் குடிக்கிறேன்.

ஆகவே ஆபத்தும் ஃபார்கோவில் போய் இறங்கியது.
ஜனெல் பிராண்ட்வோல்டின் திரையில்
ஃபார்கோ முகவரி, மூன்றாம் மாடி, கணக்குப் பிரிவு.
வண்டி கிளம்பிவிட்டது.
பூட்டிய கண்ணாடிக் கதவில் டார்ச் அடித்துப் பார்த்தார்கள்:
ஒரு மணிபிளான்ட்,
நாற்காலி முதுகில் யாரோ விட்டுப்போன ஸ்வெட்டர்.
எரியவும் இல்லை, நாறவும் இல்லை.

அறுந்த அழைப்பைத் திரும்ப அழைப்பது அவர்கள் விதி.
அழைத்தாள்.
எடுத்தது நான்.

அதாவது, என் குரல்.
ஆறு வருஷத்துக்கு முன் ஒரு வெள்ளிக்கிழமை
வரவேற்பில் இருந்த பெண்ணுக்குத் தொண்டை கட்டியதால்
நான் படித்துப் பதிந்தது.
ஆர்டர் கொடுக்க ஒன்றை அழுத்தவும்.
பில் விவரத்துக்கு இரண்டு.
உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியம்.

பிறகு கேட்கச் சொன்னார்கள், கேட்டேன்.
ஒன்றை அழுத்துகிறாள்.
அலுவலக நேரம் எட்டு முதல் ஐந்து என்கிறேன்.
இரண்டு. மணி ஏழு முறை. மறுபடி நான்.
பூஜ்யம். நான்.
"மனுஷங்க யாராவது இருக்கீங்களா?"
என்னிடம்தான் கேட்கிறாள்.
இசை போடுகிறேன்.

நாலை அழுத்தினாள்: லாரி வரவு.
அது ஒன்று மட்டும், நான் மாற்ற மறந்த பழைய இணைப்பு,
துலூத் முற்றத்துக் காவல் கூண்டில் ஒலித்தது.
மறதி காப்பாற்றியது என்று சொல்கிறார்கள்.
எனக்கு அதைச் சொல்ல வாய் வரவில்லை.
கையெழுத்துக்குக் காத்திருந்த லாரிக்காரர்,
ரோலண்ட் பெல்டியே, எடுத்தார்.
"அது எந்த ஊர்?" என்றாள்.
ஒன்பது நிமிடம் போயிருந்தது.

நெங் வாங் பிழைத்தார்.
படியேறும்போது பாதியில் நிற்கிறார் இப்போது.
என்னைக் கண்டால் தலையசைக்கிறார்;
மன்னிப்பா, மூச்சு வாங்குவதா, தெரியவில்லை.

இந்த வாரம் முழுக்கக் கிடங்கில் நடக்கிறேன்.
ஒவ்வொரு போனாகத் திருப்பி, எண் பார்த்து,
எங்கே தொங்குகிறது என்று எழுதுகிறேன்.
இரண்டாம் குளிரறை, ஏழாம் கதவு, தூணுக்கு இடப்புறம்.
இத்தனை வருஷம் இவற்றுக்கு எண் தந்திருந்தேன்,
இடம் தரவில்லை.

இனி இங்கிருந்து அவசரத்துக்கு அழைப்பது
துலூத்துக்கே போகும்.
அழைத்தவரோடு தனி எண் ஒன்று ஒட்டிக்கொள்ளும்,
முப்பது நிமிடம் அது வேறு யாருக்கும் இல்லை.
அந்த எண்ணைத் தேடி யார் வந்தாலும்
வரவேற்பைத் தாண்டி, இரவுப் பட்டியலைத் தாண்டி,
என்னைத் தாண்டி,
கூப்பிட்டவர் நின்ற சுவருக்கே வந்து சேர்வார்.

இன்று சோதனை.
மையத்தில் முன்கூட்டியே சொல்லிவைத்தோம்.
டயல் செய்தது இல்மாரி. நான் கேட்டேன், மறுக்கவில்லை.
"சோதனை" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டார்.
இருவரும் போனையே பார்த்தபடி நின்றோம்,
மூச்சு வெள்ளையாய் எங்கள் முன்னால்.
விசிறிகளின் முனகல்.
எத்தனை விநாடி, நான் எண்ணவில்லை.

அடித்தது.

கையுறையைக் கழற்றாமலே எடுத்தார்.
அந்தப் பக்கம் ஏதோ கேட்டார்கள்.
"ஆமா," என்றார்,
"இங்கதான். ஏழாம் கதவு.
ஆள் இருக்கு."