பதினான்காம் நம்பர் மெஷின்

சலவைக்கடைச் சுவருக்கு
குவாதலூப்பே மாதாவைத்தான் கேட்டார் ஓனெசிமோ.
மாதா நின்றால் பையன்கள் கிறுக்கமாட்டார்கள்,
ஸ்ப்ரே டப்பாவோடு வருகிறவனும்
சிலுவை போட்டுவிட்டுப் போவான்.
முன்பணம் இருநூறு டாலர்,
கிறிஸ்துமஸ் வரை இலவசச் சலவை.
சரி என்றேன்.
சொல்லும்போதே தெரியும், மாதா வரமாட்டாள்.

சான் அந்தோனியோவின் மேற்குப் பக்கம். ஆகஸ்ட்.
சுவரில் கை வைத்தால் தோல் ஒட்டிக்கொள்ளும் வெயில்.
சாரத்தின் மேல் ஒரு வாரம்
வெள்ளை மட்டுமே அடித்துக்கொண்டிருந்தேன்.

ஏப்ரலிலிருந்து எனக்குக் கனவு இல்லை.
தூக்கம் உண்டு,
துணி எடுத்த பிறகும் சுற்றுகிற டிரம்மைப் போல.
தம்பி எவாரிஸ்தோவின் மருத்துவமனைத் தாளில்
கையெழுத்துப் போட்டதும் இந்தக் கைதான்.

நியேவெஸ் பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறாள்.
காலை நடைக்கும் மாலை நடைக்கும் நடுவே
காலி பஸ்ஸில், பபிள்கம் ஒட்டிய சீட்டில்
என்னை உட்காரவைத்து
உச்சியிலிருந்து உள்ளங்கால்வரை முட்டையால் வருடினாள்.
சூப்பர்மார்க்கெட் முட்டை,
ஓட்டில் தேதி முத்திரை அப்படியே இருந்தது.
அருவதா இலையைக் கசக்கித் தோளில் தட்டினாள்.
கிளாஸ் தண்ணீரில் உடைத்து ஊற்ற,
மஞ்சள் அடியில் தங்கியது,
வெள்ளை நூல் நூலாக மேலே எழுந்தது.
"என்ன தெரியுது?"
"பஞ்சு. யாரோ நூற்கிறாங்க."
அதற்கு மேல் அவளுக்கும் தெரியவில்லை.
மணி இரண்டரை. பிள்ளைகளை ஏற்றப் போய்விட்டாள்.

அன்றிரவு வந்தாள்.
கூந்தலில் செருகிய கதிர்கள்,
காதிலிருந்து தொங்கும் பஞ்சு,
வாயைச் சுற்றிலும் தார்.
த்லசோல்தேயோத்ல்.
சொல்லிப் பார்த்தால் நாக்கு ஒரு தடவை புரண்டு படுக்கும்.
அழுக்கைத் தின்கிறவள்.
ஆயுளில் ஒரே ஒரு முறைதான்
அவளிடம் வாய் திறக்கலாமாம்.
எந்தப் பாவத்துக்கு அதைச் செலவழிப்பது என்று
நான் யோசிக்கும் முன்
"சில்லறை இருக்கா?" என்றாள்.
எட்டு நாணயம் கொடுத்தேன்.
பதினான்காம் நம்பர் மெஷினில் ஒவ்வொன்றாய்ப் போட்டாள்.

சொன்னேன்:
அவனுடைய மூச்சுக்குழாயை எடுத்த பிறகு
கார் நிறுத்துமிடத்துக்கு வந்து,
கண்ணாடியை ஏற்றிவிட்டு,
மாதக்கணக்கில் முதல் தடவையாக
நன்றாகத் தூங்கினேன்.
அவ்வளவுதான். அழவில்லை. தூங்கினேன்.

ஈரப் போர்வையை இழுப்பதுபோல்
என் வாயிலிருந்து அதை இழுத்து இழுத்து மென்றாள்.
இடையில் ஒருமுறை முகம் சுளித்தாள்.
உப்புப் போதவில்லையோ என்னவோ.

விடியுமுன் சாரம் ஏறினேன்.
வாய்க்கு எந்தக் கறுப்பும் ஒத்துவரவில்லை.
எதிர்வீட்டில் கூரை வேலை செய்தவர்கள்
மிச்சத் தாரை ஒரு பக்கெட்டில் தந்தார்கள்.
அதுதான் பொருந்தியது.

மூன்றாம் நாள் ஓனெசிமோ வந்து அண்ணாந்து பார்த்தார்.
"யார் இது?"
"சலவைக்காரி."
"வாயெல்லாம் அழுக்கா இருக்கே."
"தொழில் அப்படி."
மீதிப் பணத்தைப் பற்றி அவர் பேசவில்லை,
நானும் கேட்கவில்லை.

இப்போது கூடையோடு வருகிறவர்கள்
போகிற போக்கில் அந்த வாயைத் தொடுகிறார்கள்.
வெயிலில் தார் இளகி விரலில் ஒட்டுகிறது.
துடைத்துக்கொள்ள உள்ளே போகிறார்கள்.
மற்ற மெஷின்கள் காலியாக இருக்க
பதினான்குக்கு வரிசை நிற்கிறது.
கறை கரைகிறதா என்று எனக்குத் தெரியாது.
சோப்பு அதே சோப்புதான்.

நேற்று கடை சாத்திய பிறகு
தூரிகையை மறந்துவிட்டுத் திரும்பி வந்தேன்.
பாதி விளக்கில் ஓனெசிமோ.
எல்லா மெஷினுக்கும் சாவி வைத்திருக்கிறவர்,
பதினான்கின் முன் நின்று
சட்டைப்பையிலிருந்து எட்டு நாணயம் எண்ணிப் போட்டார்.
கையில் துணி எதுவும் இல்லை.
கண்ணாடிக் கதவில் நெற்றியை வைத்தார்.
உதடு அசைந்தது.

தூரிகை காயட்டும் என்று
நடந்தேன்.