குப்பி ஏழு

த்ரெபோனில் குளம் வடிக்கும் வாரம்.
கெண்டை அள்ள ஊரே சேற்றில் இறங்கியாயிற்று,
எங்கள் துறைத் தலைவர் டாக்டர் குபிஷ்டாவும்;
தொடைவரை ரப்பர் காலணி.
இருட்டறையில் நானும்
ஒரு துளிப் பாசியும்.

கேள்வி சின்னது.
தலைமயிரின் தடிமன்கூட இல்லாத அந்த உடம்புக்குள்
சென்ட்ரின் எங்கே இருக்கிறது?

முதலில் பச்சையத்தை வெளியேற்ற வேண்டும்.
நீல ஒளி பட்டால் சிவந்து கத்தும்,
வேறு யார் பேச்சும் கேட்காது.
உறைகுளிர் மெத்தனாலில் அமிழ்த்தினேன்.
பச்சை கழன்று
வெளுத்து நின்றன செல்கள்.
பிறகு முயல் இரத்தத்தில் எடுத்த எதிர்ப்பொருள்,
அதன்மேல் சாயம் சுமந்து வரும் ஆட்டினுடையது.
எந்தக் குளத்திலும் வாய் வைக்காத முயல் அது,
கூண்டில் பிறந்தது.

இரண்டு கண்ணாடித் தகடுகள்.
ஒன்றுக்கு முயலைத் தருவதில்லை.
அது இருட்டாக இருந்தாக வேண்டும்.
இருட்டே பொய் சொன்னால்
வெளிச்சத்தை எப்படி நம்ப?

செவ்வாய்.
ஒளிர வேண்டியது இருண்டது,
இருள வேண்டியது ஒளிர்ந்தது.
என் கையைத்தான் சந்தேகித்தேன்.
புதனும் அப்படியே.
வியாழன் இரவு, கை கழுவும்போது,
குப்பிகளின் மேல் குபிஷ்டாவின் எழுத்தைப் பார்த்தேன்.
எங்கள் நாட்டில் ஒன்று ஏழுபோலத்தான் இருக்கும்,
அதனால் ஏழின் இடுப்பில் ஒரு கோடு போடுவோம்.
அவர் போடுவதில்லை.
ஒன்று, வெறும் உப்புநீர்.
ஏழு, முயல்.

வெள்ளி.
முதல் தகட்டில் இருட்டு.
நல்ல இருட்டு, கரி அப்பிய இருட்டு.
அதையே வெகுநேரம் பார்த்திருந்தேன்.

இரண்டாவதில்
கசையிழைகள் முளைக்கும் அடியில் இரண்டு புள்ளிகள்.
அங்கிருந்து இறங்கி
உட்கருவைக் கவ்விய நூல்கள்,
கிணற்றில் தொங்கும் வாளிக்குக் கயிறுபோல.
கால்சியம் ஏறினால் கயிறு சுருங்கும்,
வாளி மேலே வரும்.
நீர் புளித்தால் கசையிழையை அடியில் நறுக்கி உதிர்ப்பதிலும்
இதற்குக் கை உண்டு என்கிறார்கள்.
கட்டுவதும் இதுவே அறுப்பதும் இதுவே
என்று குறிப்பேட்டில் எழுதி,
அடித்தேன்.
கேட்டது இடம் மட்டும்தானே.

மாலையில் வந்தார், சேற்று வாடையோடு,
வாளியில் துள்ளும் ஒரு கெண்டையோடு.
நாற்காலியை விட்டு நகர்ந்தேன்.
ஒற்றைக் கண்ணால் பார்த்தார்.
"எங்கே?"
"கண் பழகட்டும்."
மீன் இரண்டு முறை வாளியை அறைந்தது.
பிறகு அவர் மூச்சு நின்றது எனக்குக் கேட்டது.

தலை நிமிர்த்தியவரிடம்
பேனாவையும் குப்பியையும் நீட்டினேன்.
"ஒரு கோடு," என்றேன்,
"ஏழுக்கு."