கறிவேப்பிலை, பதினோரு சதவீதம்

லேமிங்டன் ரோட்டில் ஒன்பதாயிரத்துக்கு வாங்கிய பழைய லேப்டாப்.
விண்டோஸைத் துடைத்து லினக்ஸ் போட்ட இரவு
அதற்கு வைஃபை பிடிபடவில்லை.
உன் போனைத்தான் கேபிளில் கோத்தாய்.
"இந்தா, குடி" என்றாய் அதனிடம்.
விடியும்வரை குடித்தது.

பிறகு கேபிளும் வேண்டியிருக்கவில்லை.
சமையலறையில் நீ நகலெடுத்த மளிகைப் பட்டியல்
என் திரையில் வந்து ஒட்டிக்கொள்ளும்.
உனக்கு அழைப்பு வந்தால் என் பாட்டு வாயை மூடும்.
உன் அம்மா என்றால் மட்டும் மொட்டை மாடிக்குப் போவாய்,
வைஃபை எட்டாத மூலைக்கு.
பாட்டு திரும்பத் தொடங்காது.

பன்வேலுக்கு நீ போன பின்னும்
பட்டியலில் இருக்கிறது உன் போன், நீ வைத்த பெயரோடு:
கறிவேப்பிலை. இணைக்கப்பட்டது, எட்டவில்லை.
பக்கத்திலேயே 'நீக்கு' என்றொரு பொத்தான்.
கர்னல் இரண்டு முறை மாறிவிட்டது.
சாம்பல் நிறத்தில் நீ அப்படியே.

நேற்று சயான் கோலிவாடாவில் முழங்கால் தண்ணீர்.
ஒன்பதே காலுக்கு, திரையின் ஓரத்தில்
சாம்பல் பச்சையானது.
பாட்டரி பதினோரு சதவீதம்.

பாஸ்வேர்டை நான் மாற்றவில்லை.
உன் போன் மறக்கவில்லை.
அது உனக்குத் தெரியுமோ என்னவோ,
கதவு மணி அடிக்கவில்லை.
பதினொன்று பத்தானது.

சோபா இடுக்கில் நீ தொலைக்கும்போதெல்லாம்
நான் அழுத்தும் பொத்தான் ஒன்று உண்டே,
அழுத்தினேன்.

கீழே, மீட்டர் பெட்டிகளுக்குப் பக்கத்தில்
சைலண்டையும் மீறிக் கத்தியது.
இரண்டாம் மாடி நாய் குரைத்தது.
ஒன்பது சதவீதத்தில்
யாரோ அதை நிறுத்தினார்கள்.

பச்சை இன்னும் போகவில்லை.
செருப்பில் ஒன்றுதான் அகப்பட்டது.