முதல் தொண்ணூறு பக்கங்கள்

செந்தூலில் பதினெட்டு மாடிக் குடியிருப்பு.
தரைத்தளக் காவலறையில்
பன்னிரண்டு சின்னத் திரைகளுக்கு முன்னால்
ராக்காவல் சம்பளத்தில் உட்கார்ந்து
ஒரு நல்ல நகரத்தை எழுதிக்கொண்டிருந்தேன்.

பதின்ம வயதினருக்கான நாவல் போட்டி.
நம்பிக்கை தரும் எதிர்காலமாக இருக்க வேண்டுமாம்.

என் நகரத்தில் லிஃப்ட் பழுதாவதில்லை.
இங்கே இரண்டாவது லிஃப்ட்
மார்ச் மாதத்திலிருந்து வாய் திறந்தபடி நிற்கிறது.
என் நகரத்தில் சாயங்கால மழைக்கு
கோம்பாக் ஆறு கரையேறி வந்து
யாருடைய மோட்டார் சைக்கிளையும் முழுக்காட்டுவதில்லை.
புகைமூட்டம் கிடையாது. வாடகை பாக்கி கிடையாது.
பதினேழு வயது நிறைந்த காலையில்
ஒவ்வொரு பிள்ளை கையிலும் ஒரு வெள்ளை உறை:
உனக்கு எந்த வேலை, எந்தத் தெரு, எந்தத் துணை பொருந்தும் என்று
நகரமே யோசித்து எழுதியது.

எஸ்.பி.எம். முடிவு வந்த அன்று
பள்ளி வாசலில் எங்கே போவதென்று தெரியாமல்
மூன்று பஸ்ஸை விட்டவன் நான்.
அந்த உறையை எழுதும்போது கண் கலங்கியது.
பொய் சொல்லவில்லை.

தொண்ணூறு பக்கம் முடிந்ததும்
பதினோராம் மாடி திவாஷினியிடம் கொடுத்தேன்.
படிவம் நான்கு. பள்ளி வேன் வரும்வரை
நடைபாதை ஓரம் நின்றபடியே புத்தகம் தின்பவள்.

நான்காம் நாள் திருப்பித் தந்தாள்.
ஓரங்களில் மைலோ கறை.
"செம டிஸ்டோபியா, அங்கிள்.
உறை வர்ற இடத்துல பயந்து மூடி வச்சிட்டேன்.
எப்ப தப்பிச்சுப் போவா நிறைமதி?"

தப்பிப்பதா? எங்கேம்மா?
இது யுடோபியா.
எல்லாமே சரியா இருக்கிற ஊர்.

"அதான்," என்றாள்.
"தொண்ணூறு பக்கத்துல ஒருத்தர்கூட
மாட்டேன்னு சொல்லலையே."
ஹாரன் அடித்தது. ஓடிவிட்டாள்.

அன்றிரவு காகிதங்களைப் பரப்பி
அந்த ஒற்றைச் சொல்லைத் தேடினேன்.
சம்மதம் பதினாறு இடத்தில். நன்றி எண்ணவில்லை.
பக்கம் அறுபத்திரண்டில் எழுதியிருந்தேன்:
"நிறைமதி புன்னகைத்தாள். எல்லாரும் புன்னகைத்தார்கள்."
எழுதும்போது விழா மாதிரி இருந்தது.
ஒரு சொல்லையும் மாற்றாமல் மறுபடி படித்தேன்.
முதுகுத்தண்டு சில்லிட்டது.

நகரம் யோசித்ததாம்.
நகரத்துக்கு ஏது மண்டை?
எங்கோ ஒரு குளிரூட்டிய அறையில்
நாற்காலியின் ஒரு கால் ஆட, தே ஓ குடித்துக்கொண்டு
என்னைப் போல ஒருவன் பார்த்துக்கொண்டிருந்திருப்பான்.
அவனும் நல்லவன்தான்.
அதுதான் தூக்கத்தைக் கெடுத்தது.

நிமிர்ந்து பார்த்தேன். பதினொரு திரைகள் வெளிச்சம்.
ஏழாவது கறுப்பு.
பதினொன்றுக்கும் பன்னிரண்டுக்கும் இடைப்பட்ட படிக்கட்டு.
டிசம்பர் மழையில் செத்த கேமரா;
மூன்று முறை புகார் எழுதியாயிற்று.
அந்தப் படியில் யார் அழுகிறார்கள்,
யார் சுவரில் யார் பெயரைக் கிறுக்குகிறார்கள்,
யார் யாருக்கு மாட்டேன் சொல்கிறார்கள்,
எனக்குத் தெரியாது.
என் நகரமாக இருந்தால்
ஒரு மணி நேரத்தில் சரிசெய்திருப்பார்கள்.

போன மாசி மாதம் அதே படியில்தான்
பரிமளா அக்காவின் சங்கிலி அறுந்து போனது.
கழுத்தில் நான்கு தையல்.
இதையும் எழுதாமல் விட்டால் நான் ஏமாற்றுக்காரன்.

நான்காவது புகார் படிவம் மேசையில் இருந்தது.
அதன் பின்பக்கம் வெறுமையாக இருந்தது.
தொண்ணூற்றொன்று என்று எண் போட்டேன்.

நிறைமதி உறையைப் பிரிக்காமல்
சட்டைக்குள் செருகிக்கொண்டாள்.
லிஃப்ட் அவளுக்காகத் திறந்து காத்திருந்தது.
அவள் படிக்கட்டுப் பக்கம் திரும்பினாள்.

டெக்னீஷியன் வியாழக்கிழமை வருகிறாராம்.
அதற்குள் அவளை
எப்படியாவது பன்னிரண்டாம் மாடி தாண்டிவிடச் செய்ய வேண்டும்.